கருங்கல்லைப் பற்றிய கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போவார்கள். இருபது வளைவுகள். நானும் என் ஆய்வு மாணவியும் அந்தப் பாதையில் பார்ப்பது சாலைக்காக மலையை வெட்டிய முகங்களை. நீலம் ஓடிய சாம்பல் நிறம். புதிதாக உடைந்த இடத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். ஜல்லி உடைக்கிறவர்களுக்கு அது கருங்கல். புவியமைப்பியல் படித்த எங்களுக்கு அது சார்னோகைட். இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் அவள் பதினோராயிரம் சொற்களில் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறாள்.

கட்டுரை முடிந்து மூன்று வாரமாகிறது. இன்னும் எங்கும் அனுப்பவில்லை. "ஐயா, மூன்று இதழ்களின் விதிமுறைகளையும் படித்துவிட்டேன். மூன்றுக்கும் பொருந்துவது போலவும் இருக்கிறது, எதற்கும் பொருந்தாதது போலவும் இருக்கிறது" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் உட்கார்ந்து இதைப் பேசித் தீர்த்தோம். அன்று எடைபோட்டுப் பார்த்தவற்றை, இரண்டு துறைகளுக்கு நடுவில் நின்று எழுதும் மற்றவர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கட்டுரை என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதழைத் தேர்ந்தெடுப்பது அதைப் பொறுத்ததுதான்.

கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலயத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 1893-இல் புவியமைப்பியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, கல்லறைக்குரியவரின் பெயரால் அதைச் சார்னோகைட் என்று அழைத்தார். 1900-இல் அந்தப் பாறைக் குடும்பம் முழுவதையும் பற்றி ஒரு பெரிய ஆய்வேட்டை வெளியிட்டார். சேலத்துச் சுற்றுப்புறத்தின் அமைப்பைப் பற்றியும் தனியாக எழுதினார். இவை எரிமலைக் குழம்பின் உறவினர்கள், அதாவது ஆழத்தில் உருகி உறைந்த பாறைகள் என்பது அவர் கருத்து. பிறகு 1960-இல் புவியமைப்பியலாளர் பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பால் பகுதியில் வேறொரு பாறை இருந்த இடத்திலேயே சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்த தடத்தைக் கண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். அங்கே பழைய பாறை உருகவில்லை; திடநிலையிலேயே தன் உருவை மாற்றிக்கொண்டது. ஆக, ஒரே பெயருக்குள் இரண்டு பிறப்புகள். உருகிப் பிறந்தவற்றுக்கு மட்டும் இந்தப் பெயரை வைத்துக்கொள்வோம் என்று 2008-இல்கூட ஒரு முன்மொழிவு வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

என் மாணவியின் கேள்வி இது: ஒரு பாறையின் பெயர் அது இப்போது என்னவாக இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமா, அது எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டுமா? இதோடு அவள் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறாள். அடிவாரத்துக் குவாரி ஒன்றில் ஒரு பெரியவர் சுத்தியலால் தட்டி, ஒலியைக் கேட்டுக் கல்லைப் பிரித்துக்கொண்டிருந்தார். மணியாய் ஒலிப்பது ஆண்கல், தாளம்போல் ஒலிப்பது பெண்கல், ஒலியே எழாதது அலிக்கல் என்று நம் சிற்பிகள் பகுத்துவைத்த மரபு அவர் கையில் இன்னும் இருக்கிறது. அந்தப் பகுப்புக்குப் பிறப்பும் பொருட்டில்லை, கனிமக் கலவையும் பொருட்டில்லை. கல் உளிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதே பொருட்டு. இந்தப் பத்தியைத்தான் நாங்கள் 'குவாரிப் பத்தி' என்று சொல்லிக்கொள்கிறோம். எந்த இதழைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்: அங்கே குவாரிப் பத்தி பிழைக்குமா?

இதில் அவசரப்பட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கட்டுரை ஒரு சமயத்தில் ஓர் இதழின் மேசையில்தான் இருக்கலாம். இரண்டு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது ஆய்வுலகில் குற்றம். தெரிந்தால் இரண்டு கதவுகளும் மூடும். ஒவ்வோர் இதழும் முதல் பதில் சொல்லச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளும். மூன்று இடத்தில் வரிசையாகத் திருப்பி அனுப்பினால் ஒன்றரை வருடம் போய்விடும். அதற்குள் அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். அவளுடைய அப்பா ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறார். காத்திருப்பதன் விலை என்ன என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

பாறை தெரிந்தவர்களிடம் அனுப்புவது

முதலில் தோன்றியது புவியமைப்பியல் இதழ்கள். இது வலுவான யோசனைதான். இந்தக் கட்டுரையால் யாருடைய வேலை மாறுமோ அவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள். வரைபடத்தில் இந்தப் பெயரை எழுதுகிறவர்கள் அவர்கள். முன்மாதிரியும் இருக்கிறது. 1995-இல் தத்துவவாதி ராபர்ட் ஃப்ரோட்மன், புவியமைப்பியல் என்பது பொருள்கொள்ளும் அறிவியல், வரலாற்று அறிவியல் என்று வாதிட்ட கட்டுரை அமெரிக்கப் புவியமைப்பியல் சங்கத்தின் இதழிலேயே வந்தது.

அதைவிட எனக்குப் பாடமாக அமைந்தது அறிவியல் தத்துவவாதி கரோல் கிளீலண்டின் வேலை. வரலாற்று அறிவியலும் சோதனை அறிவியலும் சான்றைக் கையாளும் விதம் வேறு, ஆனாலும் ஒன்று மற்றொன்றைவிடத் தாழ்ந்ததில்லை என்பது அவருடைய வாதம். அதை 2001-இல் 'ஜியாலஜி' இதழில் நான்கே பக்கத்தில் எழுதினார். அடுத்த வருடம் 'பிலாசபி ஆஃப் சயின்ஸ்' இதழில் இருபது பக்கத்துக்கு மேல் எழுதினார். கருத்து ஏறக்குறைய ஒன்று. ஆனால் முதல் கட்டுரை புவியமைப்பியலாளரிடம், "உங்கள் துறை சோதனைச் சாலை அறிவியலுக்கு இளைத்ததென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை" என்று பேசுகிறது. இரண்டாவது, தத்துவவாதிகளிடம் அந்த வேறுபாட்டுக்கு அடியில் இருக்கும் காரணத்தை நிறுவப் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்படி மாணவியிடம் கொடுத்தேன். நடுவழியில் நிற்கும் ஆய்வாளர் எவருக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இருந்தாலும் எங்கள் கட்டுரைக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. நான்கு பக்கமாகச் சுருக்கினால் ஹாலந்தின் கதை ஒரு வாக்கியமாகிவிடும். இதழுக்காகக் கட்டுரையைப் படித்துத் தகுதி சொல்லும் மதிப்பீட்டாளர், பாறையின் மெல்லிய சீவல்களின் நுண்ணோக்கிப் படங்களைக் கேட்பார், வேதிப் பகுப்பாய்வைக் கேட்பார், புதிய தரவு எங்கே என்று கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது புதிய தரவு இல்லை. பழைய தரவைப் பற்றிய புதிய கேள்வி. குவாரிப் பத்தியை அங்கே முதல் பார்வையிலேயே வெட்டிவிடுவார்கள்.

தத்துவவாதிகளின் நடுக்கூடத்துக்குப் போவது

இரண்டாவது வழி, அறிவியல் தத்துவத்தின் முதன்மை இதழ்கள். 'பிலாசபி ஆஃப் சயின்ஸ்' 1934 முதல் வருகிறது. 'பிரிட்டிஷ் ஜர்னல் ஃபார் தி பிலாசபி ஆஃப் சயின்ஸ்' 1950 முதல். கார்னாப்பும் ரைக்கன்பாக்கும் 1930-இல் தொடங்கிய 'எர்கென்ட்னிஸ்', 1936-இல் பிறந்த 'சிந்தீஸ்' ஆகியவையும் இந்த வரிசையில் வரும். இவற்றில் ஒன்றில் வந்த கட்டுரையை உலகின் எந்த மூலையிலும் யாரும் ஒதுக்கிவிட முடியாது.

பிரிட்டிஷ் இதழின் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்கு மட்டும் மறைப்பதில்லை. முடிவெடுக்கும் இதழாசிரியருக்கும் மறைத்துவிடுகிறார்கள். சேலத்து முகவரியைப் பார்த்ததும் ஒருவர் மனத்தில் எழக்கூடிய எண்ணம் அங்கே எழவே வாய்ப்பில்லை. நம்மைப் போன்ற இடங்களிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை. ஆனால் அங்கே தேறும் கட்டுரைகள் நூற்றுக்குப் பத்துகூட இல்லை.

தேறுவது கடினம் என்பதற்காக நான் இந்த வழியை ஒதுக்கவில்லை. அங்கே அனுப்ப வேண்டுமென்றால் கட்டுரையின் முதல் பத்தி இயற்கை வகைகள் என்ற பழைய விவாதத்திலிருந்து, அதாவது நம் பகுப்புகள் இயற்கையிலேயே இருப்பவையா, நாம் வகுத்தவையா என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். தங்கம், நீர், புலி என்று தத்துவவாதிகள் காலங்காலமாகக் கையாளும் எடுத்துக்காட்டுகளின் வரிசையில் சார்னோகைட்டும் போய் நிற்கும். "ஏற்கெனவே இருக்கும் இன்ன கோட்பாட்டில் இன்ன ஓட்டை இருக்கிறது, இந்தப் பாறை அதைக் காட்டுகிறது" என்று வாதத்தைக் கட்ட வேண்டும். அது நல்ல கட்டுரையாகலாம். அதை எழுத வேண்டியவர் அந்த விவாதத்தில் பத்து வருடம் ஊறியவராக இருக்க வேண்டும். அவளோ மலையில் பத்து மாதம் ஊறியவள். அவளுடைய பலம் அந்தக் குறிப்பிட்ட கல்லைப் பற்றிய குறிப்பிட்ட அறிவு. அதை எடுத்துக்காட்டு என்ற நிலைக்கு இறக்கினால், அவளிடம் இருப்பதில் சிறந்ததை விட்டுவிட்டு, இரவல் வாங்கியதை முன்னால் வைப்பதாகிவிடும். குவாரிப் பத்தி அங்கே பிழைக்கலாம். ஆனால் அழகுக்கு வைத்த பூவாகத்தான் பிழைக்கும்.

"அப்படியென்றால் எனக்குத் தத்துவம் வராது என்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டாள். முகம் வாடியிருந்தது.

"அப்படி இல்லையம்மா. உன் தத்துவம் கல்லுக்குள்ளே இருக்கிறது. அதைக் கல்லோடு சேர்த்தே படிக்கிறவர்களிடம் கொடு என்கிறேன்" என்றேன்.

வரலாறும் வாதமும் சேர்ந்து இருக்கும் இடம்

மூன்றாவது வழி, அறிவியலின் வரலாற்றையும் தத்துவத்தையும் பிரிக்காமல் வைத்திருக்கும் இதழ்கள். 1970-இல் தொடங்கிய 'ஸ்டடீஸ் இன் ஹிஸ்டரி அண்ட் பிலாசபி ஆஃப் சயின்ஸ்' அவற்றில் மூத்தது. நடுவில் அது இயற்பியலுக்கு ஒன்று, உயிரியலுக்கு ஒன்று என்று கிளை பிரிந்து வந்துகொண்டிருந்தது. 2021-இல் கிளைகளை மீண்டும் ஒன்றாக்கிவிட்டார்கள். 1993 முதல் வரும் 'பர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் சயின்ஸ்' தன் பெயருக்குக் கீழேயே வரலாறு, தத்துவம், சமூகம் என்று மூன்றையும் எழுதிவைத்திருக்கிறது.

இவற்றில் ஒரு நிகழ்ச்சியை நுணுக்கமாகச் சொல்லிக்கொண்டே அதிலிருந்து வாதத்தை எழுப்புவது இயல்பான நடை. ஹாலந்து கல்லறைக் கல்லிலிருந்து ஏன் தொடங்கினார்? அந்தக் கல் வந்த குவாரியிலிருந்து ஏன் தொடங்கவில்லை? நகர்ந்துபோன ஒரு கல்லுக்கு அது இருந்த இடத்தின் சூழல் தெரியாது. கல்லறையில் கிடக்கும் பாறைக்குப் பக்கத்துப் பாறை என்று ஒன்று இல்லை. ஆகவே அதன் உடம்பைப் பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும். பிறப்பைப் பற்றிய முடிவு அதன்மேல் பிறகு வந்து ஏறியது. பிச்சமுத்துவோ பாறையை அது இருந்த இடத்திலேயே பார்த்தார். மாறியதும் மாறாததும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. பார்த்த இடம் வேறு என்பதால் பெயரைக் கொண்டு கேட்ட கேள்வியும் வேறாயிற்று. இதுதான் என் மாணவியின் கட்டுரையின் உயிர். இதில் வரலாற்றை எடுத்தால் வாதம் விழும். வாதத்தை எடுத்தால் வரலாறு வெறும் தகவலாகும். இரண்டையும் ஒன்றாகக் கேட்கப் பழகிய வாசகர் இந்த இதழ்களில் இருக்கிறார்.

குவாரிப் பத்தியும் இங்கே சான்றாக நிற்கும். பெரியவரின் கை, ஹாலந்தின் நுண்ணோக்கி, பிச்சமுத்துவின் களம் மூன்றும் பெயரிடுதலின் மூன்று வழிகளாக ஒரே தளத்தில் நின்று பேசும். பர்ஸ்பெக்டிவ்ஸா ஸ்டடீஸா என்று சிறிது நேரம் தயங்கினோம். தான் படித்து மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் அதிகமானவை எங்கே வந்தவை என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஸ்டடீஸ் முந்தியது. ஒரு கட்டுரை எந்த உரையாடலில் சேர விரும்புகிறது என்பதை அதன் மேற்கோள்களே காட்டிக்கொடுத்துவிடும். இதழைத் தேட இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

செலவைப் பற்றி ஒரு குழப்பம் பல மாணவர்களுக்கு இருக்கிறது. இவ்வகை இதழ்களில் சந்தா வழி, திறந்த வழி என்று இரண்டு உண்டு. திறந்த வழியில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதற்கு எழுதியவர் தரப்பில் இரண்டு மூன்று லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். சந்தா வழியில் எழுதியவர் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. ஏற்றுக்கொண்ட பின் வரும் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுகிறோம் என்பதைக் கவனித்தால் போதும். கட்டணத்தைப் பார்த்துப் பயந்து நல்ல இதழ்களை விட்டுவிட்டுப் போன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

நம் நாட்டு இதழ்கள்

'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஹிஸ்டரி ஆஃப் சயின்ஸ்' 1966 முதல் வருகிறது. இந்திய தேசிய அறிவியல் கழகத்தினுடையது. இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகத்தின் இதழ் 1983-இல் தொடங்கியது. இவற்றை இரண்டாம் தரம் என்று நினைத்துப் பட்டியலின் அடியில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹாலந்து யார், பல்லாவரம் எங்கே, பிச்சமுத்து யார் என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் பாறைகளின் வரலாற்றை நம் வாசகர் முன் வைப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

ஆனால் வரலாற்று இதழுக்குக் கொடுத்தால் ஆவணங்கள் இன்னும் வேண்டும். ஹாலந்தின் குறிப்பேடுகள், கடிதங்கள், அக்காலத்து அலுவலகப் பதிவுகள் வரை போக வேண்டியிருக்கும். அது இன்னொரு வருட வேலை, கொல்கத்தாவில் தங்கிச் செய்ய வேண்டிய வேலை. தத்துவ இதழுக்குக் கொடுத்தால் பாறையைப் பற்றிய பகுதிகளை மதிப்பிடத் தகுந்தவரை அவர்கள் தேட வேண்டியிருக்கும். ஆகவே வரலாற்று இதழை இரண்டாவது இடத்தில் வைத்தோம். அதுவும் இதே கட்டுரையாக இல்லை. ஹாலந்தின் சேலம் ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்ட தனிக் கட்டுரையாக.

பணம் கட்டினால் பத்து நாளில்

இதைச் சொல்லாமல் விட முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு, மதிப்பிடாமலே கட்டுரையை வெளியிடும் இதழ்கள் இருக்கின்றன. என் முதல் கட்டுரைகளில் ஒன்றை நான் அப்படிப்பட்ட ஓர் இதழில்தான் வெளியிட்டேன். மின்னஞ்சலில் அழைப்பு வந்தது, மரியாதையாக இருந்தது. அனுப்பிய ஒன்பதாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. கட்டுரையில் ஒரு கனிமத்தின் பெயரைத் தவறாக எழுதியிருந்தேன். அச்சிலும் தவறாகவே வந்தது. அதை யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? சில வருடங்களில் அந்த இதழின் சுவடே இல்லாமல் போயிற்று. கட்டுரையையும் இனி வேறெங்கும் கொடுக்க முடியாது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. அதை இழந்தது இன்றும் வலிக்கிறது.

2013-இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஒரு பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்துப் புனைந்த ஒரு கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் நம் நாட்டிலிருந்து வந்தவையும் பல. துறையிடைக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த வலையில் எளிதாக விழுகிறார்கள். இரண்டு துறையிலும் "இது எங்களுடையதில்லை" என்று கேட்டுக் களைத்த பிறகு, "எல்லாத் துறைக்கும் இடமுண்டு" என்று அழைக்கும் குரல் இனிமையாகத்தான் கேட்கும். எல்லாத் துறையையும் ஒரே இதழ் மதிப்பிட முடியும் என்று சொன்னால், எதையும் மதிப்பிடுவதில்லை என்று பொருள்கொள்ளலாம்.

இதற்குப் பின்னால் பட்டியல்களின் நெருக்கடியும் இருந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-இன் பிஎச்.டி. விதிமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு எடுத்துவிட்டது. குழு பராமரித்துவந்த அங்கீகரித்த இதழ்களின் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களின் கையில். உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென்று என்ன விதி வைத்திருக்கிறது என்பதை நெறியாளரிடம் வாயால் கேட்டதோடு விடாமல் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமே இல்லாத இடத்தில் பழைய அவசரத்தால் கட்டுரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முன்வரைவைப் பொதுவில் வைப்பது

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2001 முதல் நடத்திவரும் அறிவியல் தத்துவக் காப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே முன்வரைவுகளை, அதாவது இதழில் வரும் முன்பான கட்டுரை வடிவங்களை, இலவசமாக வைக்கலாம், யாரும் இலவசமாகப் படிக்கலாம். பெரிய நூலகம் இல்லாத ஊரில் இருந்துகொண்டு நான் அறிவியல் தத்துவம் படித்ததில் பாதி அந்தக் காப்பகத்தின் தயவு. 2025-இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தால் அரசு நிறுவனங்களின் மாணவர்களுக்கு இப்போது ஏறக்குறைய 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. அதற்கு முன் எங்களுக்கு அந்தக் காப்பகம்தான் நூலகம்.

அதனால் அங்கே வைக்க வேண்டும் என்று மனம் துடித்தது. ஆனாலும் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தோம். பெயர் மறைத்த மதிப்பீட்டில் கட்டுரை இருக்கும்போது, தலைப்பைத் தேடிப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யாரென்று அங்கே தெரிந்துவிடும். பெயர் பெற்றவர்களுக்கு அதனால் இழப்பில்லை. முதல் கட்டுரை எழுதுகிறவளுக்கு அந்த மறைப்பு ஒரு பாதுகாப்பு. அதை நாமாக எடுத்துவிடக் கூடாது. இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு, அதன் விதி அனுமதிக்கும் வடிவத்தை அங்கே வைக்கலாம். சந்தா வழியில் வந்த கட்டுரையை ஒரு கிராமத்துக் கல்லூரி மாணவரும் படிப்பதற்கு அது வழி செய்யும்.

அனுப்பும் முன் திருத்தியவை

இதழ் முடிவானதும் கட்டுரை தானாகவே மாறத் தொடங்கியது. முதல் பத்தியில் இயற்கை வகைகள் பற்றி நான்கு மேற்கோள்கள் இருந்தன. அவற்றை ஆறாம் பக்கத்துக்குத் தள்ளினாள். அந்த இடத்தில் கல்லறைக் கல் வந்து உட்கார்ந்தது. ஹைபர்ஸ்தீன் என்ற கனிமத்தின் பெயர் பதினேழு இடங்களில் விளக்கமில்லாமல் வந்திருந்தது. தத்துவ வாசகருக்காக முதல் இடத்தில் மட்டும் ஒரு வாக்கியம் சேர்த்தோம். பாறை தெரிந்த வாசகருக்கு அந்த ஒரு வாக்கியம் சலிப்பு தராது. இரண்டு துறை வாசகருக்கும் எழுதும்போது, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஒரு வாக்கியம் என்பதே எங்கள் அளவு. அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டால், அந்தச் சொல் அங்கே தேவையா என்று கேட்டோம்.

பெயரை மறைப்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. "எங்கள் முந்தைய களப்பணியில் கண்டபடி" என்ற ஒரு தொடரே போதும், எழுதியவரைக் காட்டிக்கொடுக்க. அதை எடுத்தோம். நன்றியுரையையும் களப்படங்களின் அடியில் இருந்த எங்கள் முதலெழுத்துகளையும் தனிப் பக்கத்துக்கு மாற்றினோம். கோப்பின் பண்புகளில் கணினி தானாக எழுதிவைக்கும் பெயரையும் அழித்தோம். இதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

முகப்புக் கடிதத்தை நான் எழுதித் தர மறுத்துவிட்டேன். அதை அவளே எழுத வேண்டும். ஏழு வரி போதும்: கேள்வி என்ன, பதில் என்ன, இது ஏன் இந்த இதழின் வாசகருக்கு வேண்டும். தகுந்த மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால் பாறை தெரிந்தவர் ஒருவரையும் தத்துவம் தெரிந்தவர் ஒருவரையும் குறிப்பிடும்படி சொன்னேன். துறையிடைக் கட்டுரைக்கு வரும் இரண்டு மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று எதிராகவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். ஒருவர் வரலாற்றைக் குறைக்கச் சொல்வார், மற்றவர் கூட்டச் சொல்வார். இரண்டு பேருக்கும் தலையாட்டினால் கட்டுரை கந்தலாகிவிடும். யாருடைய யோசனையை ஏற்றோம், யாருடையதை ஏன் ஏற்கவில்லை என்று பதில் கடிதத்தில் ஒவ்வொன்றாக இதழாசிரியருக்கு எழுத வேண்டும். தீர்ப்புச் சொல்பவர் அவர்தான்.

அந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை அவள் நான்கு பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி அங்கேதான் தெளிவாக இருந்தது. ஆங்கில வடிவத்தில் எங்கெல்லாம் வாதம் மங்கியதோ அங்கெல்லாம் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அந்த நான்கு பக்கத்தை விரித்து ஒரு தமிழ் இதழுக்குத் தரும்படி கேட்டிருக்கிறேன். பட்டத்துக்கு அது கணக்கில் வராது. குவாரிப் பெரியவரின் பேரன் படிக்கும் மொழியில் அது இருக்கும்.

ஸ்டடீஸ் முதலில், அங்கே திரும்பி வந்தால் மதிப்பீட்டில் சொன்னவற்றைத் திருத்திப் பர்ஸ்பெக்டிவ்ஸ், ஹாலந்தின் சேலம் ஆய்வு தனியாக நம் நாட்டு வரலாற்று இதழுக்கு. இப்படி வரிசை முடிவாகி, கடைசி பஸ்ஸில் இறங்கினோம். வெள்ளைக்கல் சுரங்கங்களின் பக்கம் வரும்போது அவள் திடீரென்று, "ஐயா, பெரியவர் தட்டிக் காட்டிய அந்தக் கல் சார்னோகைட்தானா என்று நான் சீவல் எடுத்துப் பார்க்கவே இல்லையே" என்றாள். குவாரியில் வேறு பாறைகளின் நரம்புகளும் ஓடுகின்றன. ஒலிக்காத கல் வேறு கல்லாகவே இருக்கலாம். அப்படியானால் அந்தப் பத்தியின் வாதம் மாறும். வியாழக்கிழமை சுத்தியலும் பையும் எடுத்துக்கொண்டு போகிறோம். பெரியவர் காலை எட்டு மணிக்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறார். வெயில் ஏறினால் கல்லின் ஒலி மாறிவிடுமாம். அதையும் அவள் குறித்துக்கொண்டாள். கட்டுரை அதற்குப் பிறகு போகும்.